என் அரிப்புக்கு மூன்று மதிப்பீட்டாளர்கள்

மரியே வாழ்க

செம்மண்டலம், கடலூர்
வெள்ளிக்கிழமை முற்பகல்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் தேவசகாயம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புஷ்பமேரியின் கணவன் ஞானராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். கடிதத்தில் எல்லோரும் போடுகிற சொல்தானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள் மச்சான். பேனாவை மூடி வைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு முறை விசாரித்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அங்கு நீங்களும், உங்கள் மகளும் என் மருமகளுமான மேரி ஷாலினியும், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளை டேவிட் ராஜும், எல்லோருக்கும் மேலாகக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பரங்கிப்பேட்டைக்கு பஸ் இருக்கும்போது, கையில் போனும் இருக்கும்போது, இந்த மனுஷன் எதற்குத் தாள் வாங்கிக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன். போனில் என்றால் தலையாட்டுவதுகூடத் தெரியாது. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். மேரி ஷாலினியின் குழந்தைக்கு வருகிற மாதம் முதல் ஞாயிறு திருமுழுக்கு. ஞானத்தந்தையாக நான் நிற்க வேண்டும் என்று குழந்தை பிறந்த வாரமே கேட்டீர்கள். நான் "பார்க்கலாம்" என்றேன். மறுபடி கேட்டீர்கள், மறுபடியும் "பார்க்கலாம்" என்றேன். "பெரிய ஆபீசரு, நம்ம வூட்டுக் கொழந்தையத் தூக்க ரொம்ப யோசிக்கிறாரு" என்று நீங்கள் சொன்னதாக அப்போது என் காதுக்கு வந்தது. மச்சான், நான் யோசித்தது குழந்தையைப் பற்றி அல்ல, என் வலது கைப் பெருவிரலைப் பற்றி. திருமுழுக்கில் ஞானத்தந்தை தன் பெருவிரலால் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைய வேண்டும். என் பெருவிரலிலோ சொரியாசிஸ். செதில் செதிலாக உரிந்து, நடுவில் வெடித்து, பார்க்கிறவர்கள் ஒரு அடி பின்வாங்கும்படி இருந்தது. இது தொற்றாது. டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கும் தெரியும், நான் படித்தும் பார்த்துவிட்டேன். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நிற்கப்போகும் உங்கள் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியுமா? நான் விரலை நீட்டுகிற நேரத்தில் யாராவது ஒருவர் குழந்தையைச் சற்றே பின்னால் இழுத்துவிட்டால்? அந்தச் "சற்றே" என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அதனால்தான் "பார்க்கலாம்" போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது பதில் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைத்தியத்துக்குச் சிதம்பரம் போனேன். கடலூரில் தோல் டாக்டர் இல்லாமல் இல்லை. கடலூரில் என்னைத் தெரிந்தவர்களும் இல்லாமல் இல்லை, அதுதான் தொந்தரவு. மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக், டாக்டர் பெயர் சுவேதா. முதல் நாள் உள்ளே நுழைந்தால் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் தெருக்கோடி பொன்னுரங்கம், கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கடலூர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்றுதான் சிதம்பரம் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நடராஜரப் பாக்க வந்தேன் சார், கால் கடுத்துது, அப்டியே ஒக்காந்துட்டேன்" என்றார். நான் பதற்றத்தில், சட்டைப் பையிலிருந்து ஜெபமாலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதையும் மறந்து, "நானும் நடராஜரத்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து, "பொன்னுரங்கம் சொரியாசிஸ், ஞானராஜ் சொரியாசிஸ், ரெண்டு பேரும் ரெடியா இருங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். நாங்கள் இருவரும் சுவரில் இருந்த காலண்டரை வெகு நேரம் படித்தோம்.

டாக்டருக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். கை, முழங்கை, தலை எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு, "ஐயா, அரிப்பு எவ்ளோ இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. பூஜ்யம்னா ஒண்ணுமே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல" என்றார். நான், "நீங்களே பார்த்துப் போடுங்க டாக்டர்" என்றேன். "அரிப்பு எனக்கில்லய்யா, உங்களுக்கு." பிறகு மாத்திரையையும் களிம்பையும் கொடுத்து, வாரா வாரம் வியாழக்கிழமை என் நம்பரை கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மச்சான், நான் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தன் மாணவன் எழுதிய தாளையே ஒருவர் திருத்தக்கூடாது என்று எத்தனையோ பேராசிரியர்களைத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவன் தன் உடம்புக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதா? என் மனசு ஒப்பவில்லை. நான் சொல்வது உண்மையான அரிப்பா, அல்லது அரிப்பதாக எனக்குத் தோன்றுவதா? நேற்றைக்கு நாலு என்றால் இன்றைக்கு நாலரையா, அல்லது இன்றைக்கு வெயில் ஜாஸ்தியா? ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான வழியைக் கடைப்பிடித்தேன். இரட்டை மதிப்பீடு. நான் ஒரு நம்பரை எழுதி மடித்து வைப்பேன். புஷ்பம் அதைப் பார்க்காமல் தன் நம்பரை எழுத வேண்டும். பாரபட்சம் வராமலிருக்க என் பெயரை மறைத்து, விடைத்தாளுக்குப் போடுவது போல ஒரு டம்மி நம்பரும் கொடுத்தேன். உங்கள் தங்கை அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வூட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. அதுல சொறியறது ஒரு ஆளு. இதுல டம்மி நம்பர் போட்டு யாருகிட்டேர்ந்து என்னாத்த மறைக்கிறீங்க?" என்றாள். இருந்தாலும் நம்பர் போட்டாள்.

நான் போட்டது நாலு. அவள் போட்டது எட்டு. "தூக்கத்துல தகரத்த உரசுறமாதிரி உரசுறீங்க, காலைல எழுந்து நாலுன்னு சாதுவா எழுதுறீங்க" என்பது அவள் குறிப்பு. இருவர் போட்டதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் விதிப்படி தாள் மூன்றாம் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். எங்கே போவது? ரகசியம் தெரிந்த ஒரே வெளியாள் பொன்னுரங்கம். அவர் வீட்டுக்குப் போய்க் கையை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அஞ்சு" என்றார். "கொஞ்சம் கூடப் போடக் கூடாதா சார்?" என்றேன். "எனக்கே ஆறுதான் சார். நான் பதினெட்டு வருசமா வச்சிருக்கிறவன். நேத்து வந்த உங்களுக்கு ஆறு குடுத்தா எனக்கு என்னா மரியாதை?" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நோயில்கூட அவர் சீனியர். மூன்றையும் கூட்டி, வகுத்து, தசம ஸ்தானம் இரண்டு வரை கணக்கிட்டு, ஐந்து புள்ளி ஆறு ஏழு என்று கிளினிக்குக்கு அனுப்பினேன். மிகுந்த திருப்தியோடு தூங்கினேன் என்று சொல்லலாம், தூங்கியிருந்தால்.

அடுத்த முறை போனபோது டாக்டர் அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அது என்னய்யா புள்ளி ஆறு ஏழு?" என்று கேட்டார். நான் முறைப்படி விளக்கினேன். அவர் சிரித்தார், பிறகு நர்ஸைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, செவப்பு, செதிலு, தடிப்பு இதெல்லாம் நான் பாத்து எழுதிக்கிறேன். அரிப்பு என் கண்ணுக்குத் தெரியாது. எந்த மெஷினுக்கும் தெரியாது. அதத் தெரிஞ்ச ஆளு ஒலகத்துலயே ஒருத்தர்தான், நீங்க. நீங்களும் சொல்லலன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கட்டும்?" என்றார். மச்சான், எழுபத்திரண்டு வயசில் ஒரு விஷயத்தில் என்னை விட்டால் வேறு அதிகாரி கிடையாது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. அந்தச் சுற்றலில் ஒரு தப்பும் செய்துவிட்டேன். அவர் முகம் வாடியிருந்தது, காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்திருப்பார் போல. இப்போது எவ்வளவு என்று கேட்டார். நன்றாக இல்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணின் மனசு சங்கடப்படுமே என்று, "மூணு டாக்டர், ரொம்பத் தேவலை, உங்க கை ராசி" என்றேன். அவர் சந்தோஷமாக மருந்தைப் பழைய அளவிலேயே எழுதிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக பஸ் ஏறி, ஆலப்பாக்கம் வரும் வரை முழங்கையை ஜன்னல் கம்பியில் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

இதை புஷ்பத்திடம் சொன்னேன். அவள் அந்த நிமிஷமே கிளினிக்குக்கு போன் போட்டு, "டாக்டரம்மா, அவுரு ஒங்கள சந்தோசப்படுத்துறதுக்கு நம்பர் சொல்லிட்டு வந்திருக்காரு" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். போன் என் காதுக்கு வந்தது. "ஐயா, எனக்கு மார்க் போடாதீங்க. அரிப்புக்குப் போடுங்க" என்றார் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டேன். சீட்டு இல்லை, டம்மி நம்பர் இல்லை, பொன்னுரங்கம் இல்லை. "ஏழு" என்றேன். சொன்னதும் எனக்கே அது ஏழுதான் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி, மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அங்கிருந்துதான் மச்சான் காரியம் திரும்பியது, அதோடு மானமும் போனது. பெருவிரல் வெடித்திருந்ததால் போனில் எழுத்தைத் தட்டுவது வலித்தது. அதனால் வியாழக்கிழமை நம்பரைக் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த முறையில்தான் பேசுவேன். "நோயாளி ஞானராஜ். வாராந்திர அறிக்கை. உச்சந்தலை மூன்று. முழங்கை நான்கு. பெருவிரல் ஐந்து. உட்காரும் பகுதி, மன்னிக்கவும், இரண்டு. தூக்கம் திருப்திகரம்." இதை ஒரு வியாழக்கிழமை கிளினிக்குக்கு என்று நினைத்து, எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்ததும் உயிரே போய்விட்டது. அவசரமாக நீக்கினேன். நீக்கிவிட்டோம் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி காபியும் குடித்தேன். "எனக்கு மட்டும் நீக்கு" என்ற இடத்தைத் தொட்டிருக்கிறேன் என்பது அப்போது தெரியாது. என் கண்ணுக்கு மறைந்த அறிக்கையை முப்பத்தாறு குடும்பங்கள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

முதலில் கைகூப்பும் படங்கள் வந்தன. பிறகு யாரோ "ஆமென்" போட்டார்கள். உட்காரும் பகுதிக்கா ஆமென் என்று நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. ஆரோக்கியராஜ் என்று ஒருவர், மின்வாரியத்தில் இருந்தவர், எப்போதும் காலை வணக்கம் மட்டும் போடுகிறவர், தன் குரலில் ஒரு பதிவு போட்டார். "மூட்டு வலி ஆறு. கேஸ் ட்ரபுள் எட்டு." அடுத்தது ஒரு அம்மா: "இடுப்பு ஏழு, மருமவ ஒம்போது." அரை மணி நேரத்துக்குள் தெரு முழுவதும் நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த மாத அன்பியக் கூட்டத்தில் ஜெபம் ஆரம்பிக்கும் முன்பு ஒவ்வொருவரும் எழுந்து நம்பர் சொன்னார்கள். வழக்கமாக, "எல்லாருக்கும் சுகம் கொடும் ஆண்டவரே" என்று மொத்தமாக முடித்துவிடுவார்கள். இந்த முறை ஆண்டவருக்கு விவரமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேர் என்னிடம் வந்து, தங்களுக்கும் கையில் இதே போல் இருக்கிறது, எந்த டாக்டர் என்று காதோடு கேட்டார்கள். "நடராஜரப் பாக்குறாப்ல போங்க" என்று வழி சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசையில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். நான் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தேன். பக்கத்து பெஞ்சு தைலம்மாள், மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அம்மா, எட்டி என் வலது கையைப் பிடித்தாள். பிடித்ததோடு விடாமல் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? நாலு மாசமா கையக் கட்டிக்கினு நிக்கிறியேய்யா, மீனு வெல ஜாஸ்தி வச்சிட்டேன்னு கோவமாக்கும்னு நான்ல நெனச்சினுருந்தேன்!" என்றாள், பீடம் வரைக்கும் கேட்கிற குரலில். மச்சான், அவள் பிடியில் மீன் வாடை இருந்தது, அவள் விரலிலும் வெடிப்பு இருந்தது. அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை. பூசை முடியும் வரை என் பெருவிரல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் பாட்டுப் பாடினேன். இதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை.

நேற்று வியாழன், சிதம்பரம் போனோம். புஷ்பமும் வந்தாள். டாக்டர் கேட்டார். நான் யோசிக்கவில்லை. "ரெண்டு" என்றேன். புஷ்பம் வாயைத் திறந்தாள். டாக்டர் கையைக் காட்டி, "நீங்க இருங்கம்மா, அவரு சொல்லட்டும்" என்றார். "இல்ல டாக்டரம்மா, அவுரு இன்னும் பயந்துகினு சொல்றாரு. ஒண்ணுதான். சொறியற சத்தம் கேக்காம எனக்குத்தான் தூக்கமே வரல" என்றாள். முதல் மதிப்பீட்டுக்கும் இரண்டாம் மதிப்பீட்டுக்கும் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம்! அதுவும் அவள் என்னைவிடக் குறைவாகப் போட்டு! எங்கள் காலத்தில் இப்படி அமைந்த தாளை எடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டுவோம். டாக்டர் என் பெருவிரலைப் படம் பிடித்து, முதல் நாள் படத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினார். "இது முழுசா போற வியாதி இல்லய்யா, வரும், போகும். ஆனா நீங்க இப்டிச் சரியா சொன்னீங்கன்னா வரும்போதே புடிச்சிரலாம்" என்றார். வெளியே பொன்னுரங்கம் காத்திருந்தார். என் நம்பரைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அஞ்சு" என்றார் கடைசியில். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், இப்போது நான்தான் சீனியர் என்ற தோரணை வராதபடி பார்த்துக்கொண்டு.

வருகிற வழியிலேயே புஷ்பம் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்த வேண்டும் என்று, வெள்ளித் தகட்டில் உறுப்புகள் விற்கும் கடையில் நிறுத்தினாள். கை இருந்தது, கால் இருந்தது, கண், இருதயம், வீடு, கார்கூட இருந்தது. தோல் இல்லை. "தோலுக்குன்னு தனியா வர்றதில்லம்மா, முழு ஆளா வாங்கிக்குங்க, மேல பூராம் தோலுதானே" என்றார் கடைக்காரர். முழு ஆளையே வாங்கி வந்துவிட்டாள். அந்த ஆள் இப்போது மேஜை மேல் படுத்திருக்கிறான். என்னைவிட ஒல்லி.

ஆகவே மச்சான், இதோ என் பதில். நான் வருகிறேன். ஞானத்தந்தையாக நிற்கிறேன். ஆனால் உங்களுக்கும், மாப்பிள்ளைக்கும், முக்கியமாக அவர் வீட்டாருக்கும் முழுச் சம்மதம் இருந்தால் மட்டும். என் பெருவிரலில் இன்னும் லேசான சிவப்பு உண்டு. யாருக்காவது ஒரு துளி சங்கடம் இருந்தாலும், தயங்காமல் மாப்பிள்ளையின் அண்ணன் சார்லஸையோ வேறு யாரையோ நிறுத்திக்கொள்ளுங்கள். நான் பின் பெஞ்சில் நின்று சந்தோஷமாக ஜெபிப்பேன். மூன்று நாள் எடுத்து, எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டு, ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை நான் எதையும் முடிவாக வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் எல்லோரையும், உங்கள் வீட்டு நிலைவாசலையும், கிணற்றடி முருங்கையையும் மாதா தம் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். குழந்தையின் நெற்றிக்கு என் ஆசீர், தற்சமயம் தூரத்திலிருந்தே.

தங்கள் பணிவுள்ள மச்சான்,
ஞானராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மேரி ஷாலினி போனில் அழைப்பிதழைப் படமாக அனுப்பினாள். ஞானத்தந்தை: திரு. ஞானராஜ், செம்மண்டலம், கடலூர் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. பதறிக் கூப்பிட்டு, "சம்மதமே சொல்லலியேம்மா, எப்ப அச்சடிச்சீங்க?" என்றேன். "அது ஆவுது மாமா ஒரு மாசத்துக்கு மேல. உங்களுக்குக் கை ரொம்ப முடியலன்னு அத்தை அப்பாக்குப் போன் பண்ணிச்சில்ல, அன்னிக்கு சாயங்காலமே அப்பா போய் அச்சுக்குக் குடுத்துட்டாரு. எங்க மாமியாரு, 'பேர நல்லாப் பெரிசா போடச் சொல்லுங்க'ன்னாங்க. நீங்களா வர்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். புஷ்பம் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு வெங்காயம் உரிக்கிறாள்.

மச்சான், ஒரு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஏழு. ஏழு என்று தெரிந்தே அச்சடித்திருக்கிறீர்கள்.  சட்டைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கப் போகிறேன். இத்தனை மாதமாக முழங்கையை மறைக்க முழுக்கைதான் போட்டேன். தையல்காரரிடம் அரைக்கை என்று சொல்லிவிடலாம் அல்லவா? வேண்டாம், நீங்கள் பதில் எழுத வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.